ரேடானுக்கு எந்தத் துறை பொறுப்பு?

நேயர்களுக்கு வணக்கம்.

ரேடான் என்ற வாயுவைப் பற்றிச் சில நிமிடம் பேச வந்திருக்கிறேன். நிறமில்லை, மணமில்லை. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகிறது. வெட்டவெளியில் காற்றோடு கலைந்துபோகும். வீட்டுக்குள் வந்துவிட்டால்தான் வம்பு. தரையில் விரிசல், குழாய் நுழையும் ஓட்டை, நிலவறைச் சுவரின் இடுக்கு என்று எங்கே சந்து கிடைத்தாலும் ஏறி வந்து தங்கிவிடும். அதிலிருந்து பிறக்கும் கதிரியக்கத் துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இதனால் வரும் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

சரி, இதைக் கவனிக்க வேண்டியது யார்? சுகாதாரத் துறை நோயைப் பார்க்கும். வீட்டுவசதித் துறை கட்டடத்தைப் பார்க்கும். எரிசக்தித் துறைக்கு மின்சாரச் செலவு பற்றிய கவலை. எல்லோருக்கும் பொது என்றால் யாருக்கும் இல்லை என்றுதானே ஆகும்!

ஓர் உதாரணம். வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளில் குளிர் புகாமல் சந்துபொந்தை அடைத்துக் கொடுக்கும் அரசுத் திட்டம் அமெரிக்காவில் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் வீட்டை இறுக்கி அடைத்தால், உள்ளே வந்த ரேடான் வெளியேறும் வழியும் குறையலாம். ஒரு துறை செய்யும் உதவி இன்னொரு துறைக்கு நோயாளியைச் சேர்த்துவிடக் கூடாதல்லவா? சந்துபொந்தை அடைக்க வரும் அதே பணியாளர், வீட்டுக்கடியில் வெறும் மண் தெரிந்தால் அதன்மேல் கனமான பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை ஒட்டிவிட்டுப் போகலாம். அதற்காக இன்னொருவர் தனியாக வந்து கதவைத் தட்ட வேண்டியதில்லை.

2011-இல் சுற்றுச்சூழல், சுகாதாரம், வீட்டுவசதி, எரிசக்தி, ராணுவம் உட்பட 9 அமெரிக்க அரசு அமைப்புகள் சேர்ந்து ஒரு செயல்திட்டம் அறிவித்தன. அடுத்தவருக்குப் புத்தி சொல்வதற்கு முன், தன் பொறுப்பிலும் உதவியிலும் இருக்கும் வீடுகளை அரசு கவனிக்கத் துணிந்ததே, எனக்கு அதுதான் பிடித்தது. 2015-இல் அமெரிக்க நுரையீரல் சங்கம் போன்ற அரசு சாரா அமைப்புகளும் கைகோத்தன.

சோதனை சுலபம். கரி அடைத்த சிறு டப்பாவைப் புழங்கும் அறைகளிலேயே தாழ்ந்த தளத்தில், ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சில நாள் திறந்து வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றில் ரேடான் 100 பெக்கரலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 2009-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது; பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. அது முடியாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டக் கூடாது.

அளவு கூடியிருந்தால், தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, அடியிலுள்ள காற்றை மின்விசிறியால் உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுவிடுவார்கள். அந்தக் குழாயில் நிறத் திரவம் ஊற்றிய, யு வடிவச் சிறு குழல் ஒன்று மாட்டியிருக்கும். இரு பக்கமும் திரவம் சமமாக நின்றால் உறிஞ்சல் இல்லை, விசிறி ஓடவில்லை என்று பொருள். வாடகைக்கு இருப்பவருக்கு இதை யார் சொல்லித் தருவார்கள்? குடியிருப்பைப் பார்வையிட வரும் வீட்டுவசதி ஆய்வாளரின் படிவத்திலேயே அந்தக் குழலுக்கும் ஒரு வரி ஒதுக்கச் சொல்லிச் சுகாதாரத் துறை கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.