நண்பகல் 12 மணிக்கு சிங்கப்பூரில் உச்சி வெயில் அடிக்குமா?

(பள்ளித் திடல் போன்ற வெட்டவெளி. தரையில் நட்டுவைத்த ஒரு பென்சில்.)

வீட்டில் தொடக்கநிலை 4 படிக்கும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது எத்தனை மணிக்கு? "12 மணிக்கு" என்று பதில் வந்தால் திட்டாதீர்கள். உங்கள் மனதிலும் அதே பதில்தானே ஓடியது? இங்கே பெரும்பாலான மாதங்களில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். பள்ளியில் புவியியல் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் இந்தப் பென்சில் உதவும்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். நம் தொடக்கப்பள்ளிகளில் புவியியல் தனிப்பாடம் கிடையாது. சோஷியல் ஸ்டடீஸில் கொஞ்சம், அறிவியலில் கொஞ்சம். தனிப்பாடமாக வருவது உயர்நிலையில்தான். தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் சோஷியல் ஸ்டடீஸ் இல்லை. பிஎஸ்எல்இ-யில் இல்லாத பாடத்துக்கு டியூஷன் இல்லை, டியூஷன் இல்லாத பாடத்தைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை!

இங்கிலாந்தில் அது தொடக்கப்பள்ளியிலேயே தனிப்பாடம். 1893-ல் தொடங்கிய ஜியாகிரஃபிக்கல் அசோசியேஷன் என்ற புவியியல் ஆசிரியர் சங்கம், அதை நன்றாக நடத்தும் தொடக்கப்பள்ளிகளுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தர முத்திரை கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முத்திரையைவிட, அதற்காகப் பள்ளி செய்யவேண்டிய வேலைதான் எனக்குப் பிடித்தது. தன் பாடத்தைத் தானே எடைபோட்டு, பிள்ளைகள் செய்த வேலையை ஆதாரமாக எடுத்துவைக்க வேண்டும்.

சரி, பென்சிலுக்கு வருவோம். இதுதான் எனக்கு ருசியான இடம்.

(நிழலின் நுனியில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு புள்ளி.)

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வையுங்கள். நிழல் குட்டையாகிக்கொண்டே வந்து, மறுபடி நீளத் தொடங்கும். மிகக் குட்டையாக இருக்கும் நேரம்தான் உண்மையான உச்சி. இங்கே அது சராசரியாக 1 மணி 5 நிமிடம். மாதத்தைப் பொறுத்து கால் மணி நேரம் முன்பின் போகும்.

ஏன்? நம் கடிகாரம் 120 பாகை கிழக்கு தீர்க்கரேகைக்கு உரியது. நாம் இருப்பதோ 103.8 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1982 ஜனவரி 1-ஆம் தேதி மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது, நாமும் கூடவே தள்ளினோம். ஆக, சூரியன் தாமதமாக வரவில்லை, நம் கடிகாரம்தான் அவசரப்படுகிறது.

அடுத்தது திசை. 10 செ.மீ. குச்சி என்றால், ஜூன் 21 உச்சி நேரத்தில் நிழல் சுமார் 4 செ.மீ., தெற்குப் பக்கம். டிசம்பர் 21-ல் நாலரை செ.மீ., வடக்குப் பக்கம். மார்ச், செப்டம்பர் கடைசி வாரங்களை ஒட்டி நிழலே இருக்காது என்று சொல்லிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், ஜூனிலும் டிசம்பரிலும் பள்ளி விடுமுறை, டிசம்பரில் மழை வேறு! அதனால் மே மாதத்தில் ஒருமுறை, நவம்பர் தொடக்கத்தில் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் தாத்தா பாட்டி இருந்தால் இன்னும் ஜோர். அதே உயரக் குச்சியை மொட்டைமாடியில் நட்டு, அவர்கள் ஊர் உச்சி நேரத்தில் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். மே நடுவில் இங்கே 3 செ.மீ. சொச்சம், அங்கே 1 செ.மீ.தான் வரும். உச்சி நேரமும் அங்கே 12 மணியை ஒட்டியே. இரண்டு ஊர் நிழலின் வித்தியாசத்தை வைத்துத்தான் எரடோஸ்தனிஸ் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். உங்கள் பிள்ளை அதை வாட்ஸ்அப்பில் செய்கிறது!

வீடு வாங்கும்போது "மேற்கு வெயில் அடிக்குமா?" என்று ஏஜென்ட்டைக் குடைகிறோமே, அதுவும் சுத்தமான புவியியல்தான். அளந்து, ஏன் என்று கேட்டு, தன் வீட்டு ஜன்னலோடு பொருத்திப் பார்க்கிற பிள்ளைக்குப் பாடம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். தலைநகரங்களை ஒப்பிப்பதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன்.

(தெலுக் ஆயர் தெரு, நாகூர் தர்கா.)

பிள்ளைகளை வெளியிடங்களுக்கு அழைத்துப்போகும் கற்றல் பயணம் நம் பள்ளிகளில் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே இருக்கும் தகவல் பலகையைப் பார்த்துத் தாளில் காப்பி அடிப்பதற்கு பஸ் எதற்கு? தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் நடுவில் இந்தத் தர்காவைக் கட்டியபோது கடற்கரை இந்தத் தெருவை ஒட்டித்தான் இருந்தது. இப்போது கடல் எங்கே? பழைய வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்து, அன்றைய கரையோரமாகவே பிள்ளைகளை நடக்க விடுங்கள். கடலை மண் போட்டுத் தூர்த்த கதையை அவர்களே கேட்பார்கள். தமிழ் ஆசிரியர்களே, கட்டுரைக்கும் விஷயம் கிடைக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேலை. அடுத்த பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் மதிப்பெண் பேசி முடித்த பிறகு, "பிள்ளைகள் இந்த வருஷம் வெளியே போய் எதை அளந்தார்கள், அதை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள்?" என்று தன்மையாகக் கேளுங்கள். பள்ளிப் பெயரைப் போடாமல், என்ன பதில் வந்தது என்று மட்டும் கமெண்டில் எழுதுங்கள்.