தையல் மெஷின் கொடுத்தாயிற்று, அப்புறம்?

[காட்சி: திருகோணமலை. பிரதேச செயலக மேசை ஒன்றில் விரித்து வைத்த பதிவுப் புத்தகம்.]

குரல்: இந்தப் பக்கத்தைப் பாருங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கொடுத்த பொருள், திகதி, கையொப்பம். வாழ்வாதார உதவி பெரும்பாலும் இப்படித்தான் பதிவாகிறது. கூடவே பேனருக்கு முன்னால் நின்று எடுத்த ஒரு போட்டோ. கையொப்பம் விழுந்ததும் ஃபைலை மூடிவிடுவார்கள். ஒரு வருடம் கழித்து அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுத இதில் ஒரு நிரல்கூடக் கிடையாது.

[காட்சி: மூதூர்ப் பக்கம் ஓர் ஒழுங்கை. நடிகர்கள்.]

உத்தியோகத்தர்: அக்கா, மெஷின் எப்பிடிப் போகுது?

அக்கா: மெஷின் நல்லாத்தான் கிடக்கு தங்கச்சி. இந்த ஒழுங்கையிலயே நாலு வீட்டில கிடக்கு. ஆர் ஆருக்குத் தைக்கிறது?

குரல்: எத்தனை மெஷின் கொடுத்தோம் என்று கேட்டால் நூறு சதவீதம் என்று அறிக்கை போகும். குடும்பத்தின் கையில் காசு கூடியதா என்று கேட்டால்தான் இந்த அக்காவின் பதில் வெளியே வரும்.

சரி, போய்க் கேட்போம். ஆனால் எப்போது கேட்பது? குச்சவெளியில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு மார்கழியில் உதவி கொடுத்துவிட்டு, சித்திரையில் போய் வருமானம் கேட்டால் அது கூடித்தான் இருக்கும். மார்கழியில் வாடைக்காற்று, கடல் கொந்தளிப்பு, தொழில் இல்லை. சித்திரையில் படகுகள் கடலில் நிற்கும். நாம் ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தாலும் வருமானம் ஏறியிருக்கும். தம்பலகாமத்தில் வயல் கூலிக்குப் போகிறவர்களிடம் பெரும்போக அறுவடையோடு போய்க் கேட்டாலும் இதே கதைதான். அதனால் முன்னும் பின்னும் பார்த்தால் மட்டும் போதாது. அதே காலத்தில், அதே ஊரில், உதவி கிடைக்காத குடும்பங்களின் நிலையும் தெரிய வேண்டும்.

[காட்சி: பானையில் போடப்படும் சீட்டுகள்.]

உதாரணத்துக்கு, தகுதியான 200 குடும்பங்கள் இருக்கின்றன, காசு 100 பேருக்குத்தான் இருக்கிறது என்று வையுங்கள். யாரைத் தெரியும் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எல்லாருக்கும் முன்னால் திருவுளச்சீட்டுப் போடுங்கள். முதல் 100 பேருக்கு இந்த வருடம், மற்றவர்களுக்கு அடுத்த வருடம். இதில் நியாயமும் கிடைக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க ஆட்களும் கிடைக்கிறார்கள். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய புரோகிரேசா திட்டம் ஏறக்குறைய இப்படித்தான் ஓடியது. ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320க்கு முதலில், 186க்குப் பிந்தி. பிள்ளையைப் பள்ளிக்கும் கிளினிக்குக்கும் அனுப்பும் தாய்க்குப் பணம். முடிவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், கூடினார்கள். ஆட்சி மாறியபோதும் திட்டம் நின்றுவிடவில்லை, கையில் ஆதாரம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் ஆதாரம் உண்டு. 1970களில் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், வழிதவறும் இளைஞர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை வைத்துப் பயமுறுத்தினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வகைத் திட்டங்களைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், போய் வந்த பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள்.

[காட்சி: வெறும் போத்தல், மூடி, துணித் துண்டு. தாயும் குழந்தையும் விளையாடுகிறார்கள்.]

எனக்கு மிகவும் பிடித்தது ஜமேக்கா ஆய்வு. 1980களின் பிற்பாதி, கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். சிலரின் வீட்டுக்கு வாரம் ஒரு தடவை, இரண்டு வருடம், ஒரு சுகாதாரப் பணியாளர் போனார். செய்தது பெரிய வேலை இல்லை. வீட்டில் கிடக்கும் பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான், பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தல். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். வேறு சிலருக்குச் சத்துணவு மட்டும் கொடுத்தார்கள், அவர்களிடம் அப்படி நீண்டகாலப் பலன் தெரியவில்லை. அதைச் சொல்லி, நம் ஊரில் கொடுக்கும் திரிபோஷ சத்துமாவை நிறுத்தக் கிளம்பிவிடாதீர்கள், பசிக்கிற பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டும்.

நம் ஊரில் மிட்வைஃப் ஏற்கனவே வீடு வீடாகப் போகிறார். அப்போ இதையும் அவர் தலையில் கட்டலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். ஜமேக்காவின் முடிவு வாரம் ஒரு தடவை போனதற்கு உரியது. மாதம் ஒரு தடவை, அதுவும் பத்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு அதே பலனை எதிர்பார்த்தால் எப்படி? வெருகலில் தொடங்குவதென்றால் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும 2023இல் வந்தபோது 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தெரிவு செய்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதற்குத் தரவு தேடுகிற பழக்கம் வந்துவிட்டது. கொடுத்த பிறகு என்ன ஆனது என்பதற்கும் அதே அக்கறை வேண்டும்.

[காட்சி: ஒரே ஒரு தாள், நான்கு கேள்விகள்.]

ஒரு எச்சரிக்கை. சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் இந்த மாவட்டத்துச் சனம் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கே இல்லை. "திரும்பவும் ஃபோமா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். நான்கு கேள்விக்கு மேல் கேட்காதீர்கள். பதில் சொல்ல விருப்பமா என்று முதலில் கேளுங்கள், விருப்பமில்லை என்றால் உதவி நிற்காது என்றும் சொல்லுங்கள். பிறகு கிடைத்த முடிவை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அவர்கள் முன்னாலேயே வாசியுங்கள். மெஷினால் பலன் இல்லை என்று வந்தால் அதையும் அப்படியே வாசியுங்கள். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று அந்த அக்கா அங்கேயே சொல்லக்கூடும்.