ஷார்ட் லிங்க்கைத் தட்டினா 404 வருதே, ஏன்?

அடுத்த கேள்வி. "பிஎச்பில சொந்தமா ஒரு லிங்க் ஷார்ட்னர் எழுதியிருக்கேன். ஸ்கிரிப்ட் பேரைப் போட்டு, கேள்விக்குறி போட்டு ஆறெழுத்தைக் குடுத்தா சரியான இடத்துக்குப் போகுது. டொமைனுக்குப் பின்னாடி வெறும் ஆறெழுத்தை மட்டும் போட்டா 404. லேப்டாப்ல இதே எச்டிஆக்சஸ் ஃபைல் (ஃபோல்டருக்குள்ள வைக்கிற அப்பாச்சி செட்டிங்ஸ் ஃபைல்) ஓடுச்சு, சர்வர்ல ஓடல. வெப் சர்வர் சாஃப்ட்வேர் அப்பாச்சி 2.4."

பாதி பதில் உங்க கேள்வியிலயே இருக்குங்க. ஸ்கிரிப்ட்ல தப்பில்ல. நீங்க கேக்குறது அது வரைக்கும் போய்ச் சேரவே இல்ல. அப்பாச்சி அந்த ஆறெழுத்துல ஒரு ஃபைல் இருக்கான்னு தேடுது, இல்லன்னதும் 404-னு திருப்பி அனுப்பிடுது.

இந்த இடத்துல எல்லாரும் எச்டிஆக்சஸ்ல இருக்கிற ரீரைட் ரூலை, அதாவது அந்த ஆறெழுத்தை ஸ்கிரிப்ட்டுக்குத் திருப்பி விடுற வரியை, மாத்தி மாத்தி எழுதிப் பார்ப்பாங்க. வேண்டாம். சர்வர் அந்த ஃபைலைப் படிக்குதா, அதை முதல்ல பாருங்க. முதல் வரியில வாய்க்கு வந்ததைத் தட்டி சேவ் பண்ணி, பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணுங்க. 500 எரர் வந்தா படிக்குதுன்னு அர்த்தம். ஒண்ணுமே ஆகலன்னா, அந்த ஃபைலை அது சீண்டவே இல்ல. (ஆள் நடமாட்டம் இருக்கிற சைட்னா ராத்திரில பண்ணுங்க, சரியா?)

உங்களுக்கு அனேகமா ரெண்டாவதுதான். எச்டிஆக்சஸைப் படிக்கலாமான்னு சொல்ற செட்டிங் அலவ் ஓவர்ரைடு. 2.4-ல நீங்க எதுவும் சொல்லலன்னா அது 'நன்'னுதான் (எதுவும் வேண்டாம்னு) இருக்கும். மெயின் கான்ஃபிக்ல, உங்க ஃபோல்டருக்கான டைரக்டரி பிளாக்ல, அதை 'ஃபைல்இன்ஃபோ'ன்னு மாத்துங்க. ரூலை ஓட்டுற மாட்யூலான மாட் ரீரைட்டையும் ஆன் பண்ணி ரீஸ்டார்ட் குடுங்க. அந்த மாட்யூல் இல்லாம ரூல் எழுதினா 500 வரணும். ஆனா இஃப்மாட்யூலுக்குள்ள (மாட்யூல் இருந்தா மட்டும் படின்னு சொல்ற பிளாக்) எழுதியிருந்தா சத்தமே இல்லாம தாண்டிப் போயிடும். அந்த இஃப்மாட்யூல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, தப்பை மூடி மறைக்குது.

படிக்குது, ஆனாலும் 404-னா, ரூல்ல இருக்கிற பேட்டர்ன் (எந்த மாதிரி முகவரிக்குப் பொருந்தணும்னு சொல்ற பகுதி) ஆரம்பத்துல ஸ்லாஷ் போட்டிருக்கீங்களான்னு பாருங்க. எச்டிஆக்சஸ்குள்ள வரும்போது அந்த முதல் ஸ்லாஷை அப்பாச்சி வெட்டிட்டுத்தான் குடுக்கும். அதனால ஸ்லாஷோட எழுதின பேட்டர்ன் ஜென்மத்துக்கும் மேட்ச் ஆகாது. மெயின் கான்ஃபிக்ல மட்டும்தான் ஸ்லாஷ் வேணும். அங்கேர்ந்து காப்பி பண்றப்பதான் இந்தத் தப்பு வருது.

நிஜமா ஃபைலோ ஃபோல்டரோ இருந்தா விட்டுடுன்னு ரெண்டு ரீரைட்காண்ட் (நிபந்தனை வரி) போடுவோம்ல, அது அடுத்து வர்ற ஒரே ஒரு ரூலுக்குத்தான் பொருந்தும். நடுவுல இன்னொரு ரூலைச் சொருகிடாதீங்க.

நீங்க கேக்காத ஒண்ணு. ரீடைரக்ட் 301-ஆ (நிரந்தரம்) 302-ஆ (தற்காலிகம்)? 302 போடுங்க. நான் ஒரு தடவை 301 போட்டுட்டு, அப்புறம் லிங்க் போற இடத்தை மாத்தினேன். ஏற்கெனவே தட்டினவங்க பிரவுசர் பழைய இடத்துக்கே போயிட்டு இருந்துச்சு. கேஷ்ல வச்சுக்கிட்டதால என் சர்வரைக் கேக்கவே இல்ல, கிளிக் கணக்கும் போச்சு.

இன்னொண்ணு, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்னா, ஆறெழுத்தைச் சேமிக்கிற காலமோட (column) கொலேஷனை, அதாவது எழுத்துகளை ஒப்பிடுற விதியை, பைனரியா மாத்துங்க. இல்லன்னா பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான். பெரிசு, சின்னது, எண்கள் சேர்த்து 62 எழுத்துல ஆறு இடம்னா 5,680 கோடி லிங்க். பெரிசும் சின்னதும் ஒண்ணாகி 36 ஆச்சுன்னா 217 கோடிதான். எண்ணிக்கை போகட்டும், ஒருத்தர் லிங்க்கைத் தட்டினா இன்னொருத்தர் பக்கம் திறக்கும்.