'எக்ஸ்' வீட்டைத் தேடிப் போகும் பயிற்சி

[திரையில்: குறுகலான தெரு. வீட்டுச் சுவர்களில் சாக்பீஸ் எழுத்துகள்.]

வணக்கம். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் போலியோ சொட்டு மருந்துக் குழுக்கள் வீடு வீடாகப் போனபோது, ஒவ்வொரு சுவரிலும் ஓர் எழுத்தை எழுதிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். வீட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் மருந்து குடித்துவிட்டால் 'பி'. ஒரு பிள்ளை விடுபட்டாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும், பெற்றோர் மறுத்தாலும் 'எக்ஸ்'. அந்த 'எக்ஸ்' வீட்டுக்கு மறுபடியும் யாராவது போயே ஆக வேண்டும்.

2009-இல் இந்தியாவில் 741 பிள்ளைகளைப் போலியோ தாக்கியது. உலகிலேயே அதிகம். 2010-இல் 42. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரே ஒரு பெண் குழந்தை. அதுதான் கடைசி. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதி என்று சான்றளித்தது.

2010-இல் வந்த புதிய வகைச் சொட்டு மருந்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் மருந்து பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேர வேண்டுமே? அதற்குக் களப்பணியாளர்களைப் பழக்கிய விதம்தான் காரணம்.

[திரையில்: செங்கல் சூளை. ரயில் நிலைய நடைமேடை. படகில் குளிர்பெட்டியோடு இரண்டு பணியாளர்கள்.]

செங்கல் சூளைகள், கட்டட வேலை நடக்கும் இடங்கள், நாடோடிகள் தங்கும் திடல்கள் என வாக்காளர் பட்டியலிலோ ரேஷன் கணக்கிலோ வராத இடங்களையெல்லாம் தேடிப் பட்டியல் போட்டார்கள். ரயிலிலும் பேருந்திலும் போகிற பிள்ளைக்கு அங்கேயே மருந்து. கோசி ஆற்றுப் படுகையில் வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்கும் ஆள் போனார்கள். மறுப்பு அதிகமாக இருந்த பகுதிகளில் வெளியாளை அனுப்பிப் பேசவைக்காமல், அதே தெருவில் வாழும் பெண்களையே வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மருமகள் யார், மாமியார் யார், யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று மட்டும் எண்ணாமல், யார் விடுபட்டார்கள் என்று எண்ணப் பழக்கிய பயிற்சி இது. நம் ஊருக்கு இன்று வேண்டியதும் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

[திரையில்: தமிழ்நாடு வரைபடம். 2021: 13.6%. 2031: 18.2%.]

தமிழ்நாட்டு மக்கள்தொகை இரண்டு பக்கமும் மாறுகிறது. 2021-இல் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. 2031-இல் அது 18 ஆகும். இன்னொரு பக்கம் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளிலும், எல்லா ஊர்க் கட்டட வேலைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள்.

நம் கிராம சுகாதார செவிலியரின் பயிற்சியோ தாய் சேய் நலத்தைச் சுற்றி அமைந்தது. பிரசவமும் தடுப்பூசியும் இங்கே இவ்வளவு நன்றாக நடப்பதற்கு அவர்களே காரணம். அதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் அவருடைய பதிவேடு, ஒரே ஊரில் நிலையாக வாழும் குடும்பத்தை நினைத்துப் போட்டது.

லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாக்காரப் பெண் ஏழாம் மாதம் வந்து இறங்குகிறாள். கையில் பிக்மி எண், அதாவது தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து தரும் எண், கிடையாது. பிரசவத்துக்குச் சொந்த ஊர் போவாளா, இங்கேயே இருப்பாளா என்று அவளுக்கே தெரியாது. செவிலியர் பகல் பதினொரு மணிக்குப் போனால் கதவில் பூட்டு. பிள்ளைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் போட வேண்டிய ஊசிகளில் ஒன்று அங்கே, ஒன்று இங்கே, ஒன்று எங்கேயும் இல்லை. காசநோய்க்காரர் என்றால் இன்னும் சிக்கல். ஆறு மாதச் சிகிச்சையின் நடுவில் மேஸ்திரி வேறு ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார். தடுப்பூசிக்கு யு-வின், காசநோய்க்கு நிக்ஷய் என்று எந்த ஊரிலிருந்தும் தொடரக்கூடிய கணினிப் பதிவுகள் வந்துவிட்டன. ஆனால் நோயாளி ஊர் மாறும்போது பதிவை அடுத்த ஊருக்கு மாற்றி, அங்கே உள்ள பணியாளருக்கு ஒரு போன் போட வேண்டும் என்பதைச் செய்து பார்த்துப் பழகினால்தான் கைக்கு வரும். ஒரு நாள் வகுப்பில் திரையில் காட்டினால் வராது.

[திரையில்: திண்ணையில் ஒரு பாட்டி. எதிரே இரத்த அழுத்தம் பார்க்கும் தன்னார்வலர்.]

முதியவர்களுக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சுய உதவிக்குழுப் பெண்கள் பயிற்சி பெற்று வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. நல்ல திட்டம். இதன் அடுத்த படி, சுகர், பிரஷர் அளவைக் குறித்துக்கொண்ட பிறகு கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிக் கொடுப்பது. "ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க? மாத்திரை அட்டையைக் காட்டுங்க. இதுல எது காலையில போடுறது?" பார்வை மங்கிய பாட்டி இரண்டு அட்டையையும் மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். மகன் வெளியூரில். அன்றைக்கு அவரிடம் பேசிய ஒரே ஆள் இந்தத் தன்னார்வலராகக்கூட இருக்கலாம். பிரஷர் கருவியில் இது எதுவும் தெரியாது.

மொழிக்கும் வழி இருக்கிறது. ஒரு செவிலியர் ஒடியா, இந்தி, வங்காளம் மூன்றையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் லைன் வீடுகளில் ஓரளவு தமிழ் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணாவது இருப்பார். உத்தரப் பிரதேசத்தில் செய்ததுபோல் அவரையே தன்னார்வலராக எடுத்துச் சம்பளம் கொடுத்துப் பழக்கலாம். பாதிப் பயிற்சி வகுப்பறையில், மீதி அந்தத் தெருவில்.

இதையெல்லாம் ஏற்கெனவே பதிவேடும் செயலியுமாகத் திணறுகிற செவிலியரின் தலையில் கூடுதல் வேலையாகக் கட்டினால் ஒன்றும் நடக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் இலக்கை எட்டினீர்களா என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் பகுதியில் எத்தனை 'எக்ஸ்' என்று மருத்துவ அலுவலர் கேட்க வேண்டும். அதிகம் சொன்னவரைத் திட்டினால், அடுத்த மாதம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தொழிலாளர் வீடு திரும்புவது இரவு ஏழு மணிக்குமேல் என்றால், அந்த நேரத்தில் போகிற பெண்ணுக்குத் தனிப்படியும், கூட ஒரு துணையும், வண்டிச் செலவும் அரசாணையிலேயே இருக்க வேண்டும்.