அத்தை தண்ணீர் ஊற்றிய தோப்பு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாங்காய் மண்டி வேலையை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் காவேரிப்பட்டணத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'குடும்பத்தைக் காப்பது எழுதி வைத்த உயிலா, நம்பி விட்ட பாசமா?' உயில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா, "மாமரம் எழுதி வாங்கிக்கொண்டா பழம் தருகிறது?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அம்மா, அதே மரத்தைப் பூ வந்ததும் குத்தகைக்கு விடும்போது, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, மருந்து அடிப்பது யார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோமே! ஒரு பருவத்துக் காய்க்குத் தாள் வேண்டும், ஆயுசு முழுக்க உழைத்த நிலத்துக்கு வேண்டாமா?

என் பெரியப்பா சந்தூர் பக்கம் சொந்தச் சம்பாத்தியத்தில் நாலு ஏக்கர் வாங்கி மாங்கன்று வைத்தார். முதல் இரண்டு கோடையிலும் அந்தக் கன்றுகளைப் பிழைக்க வைத்தது, கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்த என் அத்தை. குடம் குடமாகத் தூக்கி ஊற்றினார். பெரியப்பா பொங்கலுக்குப் பொங்கல் எல்லார் முன்னாலும் சொல்வார்: "கிணத்தோரம் ஒரு ஏக்கர் என் தங்கச்சிக்கு." சொன்னார், எழுதவில்லை. ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். பாட்டி முன்பே காலமாகிவிட்டார். பெரியம்மா, இரண்டு அண்ணன்கள், ஒரு அக்கா, ஆக நாலு பங்கு. இவர்களில் ஒருவர் இருந்தாலும் உடன்பிறந்தவளுக்கு ஒரு சென்ட் கிடையாது. தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழில் அத்தை பெயர் இல்லை, இருக்கவும் முடியாது.

அண்ணன்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவருக்குக் கடன் நெருக்கியது, தோப்பை விற்க வேண்டி வந்தது. அளக்க வந்த அன்று அத்தை கிணத்தோரம் நின்றுகொண்டு, "இது எனக்குன்னு அண்ணன் சொல்லுச்சே" என்றார். வாங்க வந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "பேப்பர் இருக்காம்மா?"

நடுவர் அவர்களே, அந்த வீட்டில் பாசத்துக்கா பஞ்சம்?

உயில் எழுதினால் பிள்ளைகளைச் சந்தேகப்படுவதாக ஆகும் என்கிறார்கள். யார் தண்ணீர் ஊற்றினார்கள், யார் ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொண்டார்கள் என்று சட்டத்துக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்ததை எழுதுவது எப்படிச் சந்தேகம் ஆகும்?

அது பெரிய வேலையும் இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு, யாருக்கு என்று தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களையும் போடச் சொல்ல வேண்டும். சொத்தில் பங்கு பெறாதவர்களைச் சாட்சியாக வைப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் வம்பு குறையும். மனசு மாறினால் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

"பேங்கில் நாமினி போட்டாச்சு, போதும்" என்றார் எதிரணித் தம்பி. தம்பி, பேங்க் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர். அவரே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

இன்னொருவர், பாசத்தோடு உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். எழுதிக் கொடுத்த அன்றே சொத்து கைமாறிவிடும் ஐயா! நினைத்த மாத்திரத்தில் திரும்ப வாங்க முடியாது. பெற்றோரைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, கவனிக்காமல் விட்டால் ரத்து செய்யலாம் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்கும் எழுபது வயதில் மனுவோடு அலைய வேண்டும். உயில் என்றால் கடைசி மூச்சு வரை சொத்து நம் பெயரில்தான்.

அத்தை இப்போது என் வீட்டில் இருக்கிறார். போன தை மாதம் நான் உயில் எழுதினேன். அவர் இருக்கும் அறை, அவர் காலம் முழுக்க அவருக்கு என்று முதல் வரியிலேயே எழுதி, என் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மகள் எழுந்துபோய் அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன் நடுவர் அவர்களே. வணக்கம்.