குப்பைத்தொட்டியில் கிடந்த சிலந்தி உடை: பீட்டர் பார்க்கர் ஏன் ஒதுங்கிவிடவில்லை?

[திரை: இருட்டுச் சந்து, மழை. குப்பைத்தொட்டியின் விளிம்பில் தொங்கும் சிவப்பு-நீல உடை. முதுகு காட்டி நடந்து போகும் இளைஞன்.]

1967 ஜூலை. 'தி அமேசிங் ஸ்பைடர்-மேன்' 50ஆம் இதழ். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜான் ரொமிட்டா. சூப்பர் ஹீரோ காமிக்ஸில் அதிகமாகப் பிரதி எடுக்கப்பட்ட காட்சிகளில் இது ஒன்று. ஸ்பைடர்-மேனாக முகமூடி போட்டுத் திரியும் பையன் பீட்டர் பார்க்கர், உடையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் போகிறான். அதே இதழ் முடிவதற்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறான்.

ஏன் எடுத்துக்கொண்டான்? "பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும், பெரியப்பா சொல்லிட்டார்" என்று நிறைய பேர் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலில் இரண்டு கோளாறு. முதலாவது, மூலக்கதையில் பெரியப்பா அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டாவது, அறிவுரைக்குக் கட்டுப்பட்டு யாரும் இத்தனை வருஷம் அடி வாங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். பதினைந்து வயதுப் பையன் கண்டிப்பாக மாட்டான்.

தொடங்கும் முன் ஒரு விளக்கம். லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு 'ஸ்பைடர்' என்றதும் கூரிய காதுகளோடு வேறொருவர் நினைவுக்கு வருவார். அவர் பிரிட்டிஷ் காமிக்ஸ்காரர், குற்றச் சக்கரவர்த்தியாகத் தொழிலைத் தொடங்கியவர். இங்கே பேசப்போவது நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில் வளரும் அமெரிக்கப் பையனைப் பற்றி. இன்னொன்று: ஆங்கிலத்தில் 'அங்கிள் பென்' என்றுதான் இருக்கும். அப்பாவின் அண்ணன் என்பதால் நம் கணக்கில் பெரியப்பா. அவர் மனைவி மே, பெரியம்மா.

[திரை: 'அமேசிங் ஃபேன்டசி' 15, ஆகஸ்ட் 1962. விலை 12 சென்ட்.]

முதல் கதை 11 பக்கம்தான். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து செய்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், விடை இங்கேதான் இருக்கிறது.

கதிரியக்கச் சிலந்தி கடிக்கிறது. சக்தி வருகிறது. பீட்டர் செய்யும் முதல் வேலை, மல்யுத்த மேடைக்குப் போவது. கிரஷர் ஹோகன் என்ற பயில்வானுக்கு எதிரே 3 நிமிடம் தாக்குப்பிடித்தால் 100 டாலர். முகம் தெரியாமல் இருக்க முகமூடி. அந்த முகமூடி ஊரைக் காப்பாற்றப் போட்டதில்லை, தோற்றால் யாரும் சிரிக்கக்கூடாது என்பதற்காகப் போட்டது. அடுத்து தொலைக்காட்சி வாய்ப்பு. அதற்காகத்தான் உடை தைக்கிறான், மணிக்கட்டில் மாட்டும் வலைக்கருவி செய்கிறான். நாம் சூப்பர் ஹீரோவின் அடையாளம் என்று நினைக்கும் அத்தனையும் காசு பார்க்கச் செய்தவை.

இடையில் ஒரு சின்னக் காட்சி. அவன் நெடுநாள் ஆசைப்பட்ட மைக்ராஸ்கோப்பைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வாங்கித் தருகிறார்கள். பையன் மனசுக்குள் ஒரு முடிவு எடுக்கிறான்: என்னிடம் அன்பாக இருந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான், இவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்வேன், மீதி உலகம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் உலகத்தை இரண்டாகப் பிரித்துவிட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் மற்ற எல்லாரும்.

[திரை: தொலைக்காட்சி நிலைய நடைபாதை. ஓடிவரும் திருடன், பின்னால் போலீஸ்காரர், ஓரமாக நிற்கும் ஸ்பைடர்மேன்.]

நிகழ்ச்சி முடிந்து நிற்கும்போது ஒரு திருடன் அவனைத் தாண்டி ஓடி லிஃப்டில் ஏறித் தப்பிக்கிறான். போலீஸ்காரர் கொதிக்கிறார். காலை இடறிவிட்டிருந்தால் போதுமே, ஒரு நிமிடம் பிடித்து வைத்திருந்தால் போதுமே என்கிறார். பீட்டரின் பதில்: அது உங்கள் வேலை, இனி என்னை மட்டும்தான் பார்த்துக்கொள்வேன்.

சில நாள் கழித்து வீட்டு வாசலில் போலீஸ் வண்டி. பெரியப்பா கொலை. கொலைகாரன் ஒரு கிடங்கில் பதுங்கியிருக்கிறான். பீட்டர் போய்ப் பிடித்து முகத்தைப் பார்க்கிறான். அதே திருடன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் திருடனை நிறுத்த அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு நிமிடம். ஆபத்து இல்லை, காயம் படாது, ரகசியமும் வெளியாகாது. 'கஷ்டமாக இருந்தது, அதனால் செய்யவில்லை' என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாதபடி எழுதியிருக்கிறார்கள். அவன் கட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் விட்ட ஆள், நேராக இந்தப் பக்கம் வந்துவிட்டான்.

புகழ்பெற்ற பொறுப்பு வாசகம் வருவது கடைசிக் கட்டத்தில், கதைசொல்லியின் குறிப்பாக. பெரியப்பா அதைத் திரையில் சொல்வது 2002 படத்தில். வித்தியாசம் சின்னது மாதிரித் தெரியும். பெரியப்பா சொல்லியிருந்தால் பீட்டர் பேச்சைக் கேட்காத பிள்ளை, அவ்வளவுதான். யாரும் சொல்லாததால், அவன் தானே நடந்து போய் முட்டிக்கொண்டு தெரிந்துகொண்டவன் ஆகிறான். இயல்பான வாழ்க்கை, எனக்கென்ன என்று ஒதுங்கி நிற்பது, இரண்டையும் அவன் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டான். அதன் பலன் வீட்டில் பிணமாகக் கிடந்தது. இனி எத்தனை முறை உடையைக் கழற்றினாலும் அவன் போய் நிற்கப்போவது அதே நடைபாதையில்தான்.

[திரை: வங்கிக் கவுன்டர். கையில் காசோலை நீட்டும் முகமூடி மனிதன்.]

அப்படியானால் பிறகு ஆசையோடு சண்டை போடுகிறானா? இல்லவே இல்லை. 1963 மார்ச்சில் வந்த தனி இதழின் முதல் கதையைத் திறந்தாலே பணக்கஷ்டம். மேடையேறி வித்தை காட்டுகிறான், சம்பளம் காசோலையாக வருகிறது, 'ஸ்பைடர்-மேன்' பெயருக்கு. வங்கியில் அடையாள அட்டை கேட்கிறார்கள். மாற்ற முடியாது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர் ஹீரோக் குழுவில் சேரப் போகிறான். அங்கே சம்பளமே கிடையாது என்று தெரிந்ததும் திரும்பி வருகிறான். கடைசியில் கிடைக்கும் வழி, தன் சண்டையைத் தானே படமெடுத்துப் பத்திரிகைக்கு விற்பது. வாங்குபவர் ஜே. ஜோனா ஜேம்சன். அந்தப் படங்களைப் போட்டே ஸ்பைடர்மேனைத் திட்டிப் பத்திரிகை விற்பவர்.

இந்தச் சுழற்சிதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த கொடுமை. சண்டை போட்டால்தான் படம், படம் இருந்தால்தான் வீட்டுச் செலவு, படம் அச்சானால் கெட்ட பெயர், கெட்ட பெயரால் நாலு பேர் முன்னால் தலைகாட்ட முடியாது. சண்டையை நிறுத்தினால் இயல்பு வாழ்க்கையின் வருமானமும் நிற்கும். 'இரட்டை வாழ்க்கை' என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அவனுக்கு இரண்டும் ஒரே கணக்குப் புத்தகம்.

[திரை: 18ஆம் இதழ், நவம்பர் 1964. சாண்ட்மேனைப் பார்த்து ஓடும் ஸ்பைடர்மேன்.]

விலக முயன்றது 50ஆம் இதழில்தான் முதல்முறை என்று நினைக்க வேண்டாம். 3ஆம் இதழில் வில்லன் டாக்டர் ஆக்டோபஸிடம் தோற்றதும் மனம் விட்டுப் போகிறது. பள்ளிக்குப் பேச வந்த, ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் ஹியூமன் டார்ச்சின் வார்த்தை கேட்டு எழுந்துவிடுகிறான். அது வெறும் தோல்வி பயம், சீக்கிரம் கடந்துவிடலாம்.

18 கனமானது. பெரியம்மாவுக்கு மாரடைப்பு. தனக்கு ஏதாவது ஆனால் அவளை யார் பார்ப்பது? அதனால் வில்லன் சாண்ட்மேன் எதிரே வந்ததும் ஓடுகிறான். ஊரே கோழை என்கிறது. கவனியுங்கள், இங்கே அவன் விலகுவதற்குச் சொல்லும் காரணமே பொறுப்புதான். காசுக்காக வலைத் திரவத்தைப் பசை நிறுவனத்துக்கு விற்கவும் பார்க்கிறான். ஒரு மணி நேரத்தில் கரைந்துபோகும் பசை யாருக்கு வேண்டும்? வாங்கவில்லை. கடைசியில் அவனைத் திருப்பி அனுப்புவது உடல் தேறிவரும் பெரியம்மாவேதான். மனிதன் போராடாமல் விடக்கூடாது என்கிறாள், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே. இயல்பு வாழ்க்கைப் பக்கத்திலிருந்தே தள்ளிவிடும் கை வருகிறது.

[திரை: 33ஆம் இதழ், பிப்ரவரி 1966. இடிந்த இயந்திரத்தின் அடியில் பீட்டர்.]

டிட்கோ வரைந்த மிகச் சிறந்த பக்கங்கள் இவை என்பதில் தகராறு இல்லை. 10ஆம் இதழில் பெரியம்மாவுக்குப் பீட்டர் ரத்தம் கொடுத்திருந்தான். அந்தக் கதிரியக்க ரத்தமே பிறகு அவளை நோயில் தள்ளுகிறது. மருந்து ஐ.எஸ்.ஓ-36 சில அடி தூரத்தில் கிடக்கிறது. இவன் மேல் டன் கணக்கில் இரும்பு, மேலே தண்ணீர் ஒழுகுகிறது. ஒவ்வொரு கட்டமாகத் தூக்கி எழுகிறான்.

ஆனால் நம் கேள்விக்கு இது பலவீனமான விடை. தன் குடும்பத்து ஆளுக்காக யாரும் தூக்குவார்கள். 1962இல் 'இந்த இரண்டு பேர் மட்டும்' என்று நினைத்த பழைய பீட்டரும் தூக்கியிருப்பான்.

[திரை: மீண்டும் 50. மொட்டை மாடியில் வயதான காவலாளி, சுற்றி இரண்டு அடியாட்கள்.]

அதனால்தான் 50. இப்போது அவன் கல்லூரி மாணவன், 28ஆம் இதழிலேயே பள்ளி முடித்துவிட்டான். விலகக் காரணங்கள் சின்னதாகச் சேருகின்றன: பெரியம்மா உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது இவனைத் தேடிப் பிடிக்க முடியவில்லை, படிப்பு இறங்குகிறது, தொலைக்காட்சியில் ஜேம்சன் வசை பாடுகிறார். எந்த வில்லனும் அவனைத் தோற்கடிக்கவில்லை. அலுப்புதான்.

விலகிய பிறகு வாழ்க்கை நன்றாகவே போகிறது. படிக்க நேரம், வீட்டுக்கு நேரம், தோழிகளோடு பேச நேரம். இந்தக் கட்டத்தில்தான் பிற்காலக் கதைகள் பலவும் சறுக்கும். நாயகன் விலகியதும் வெறுமை, சோர்வு, கண்ணாடியில் வெறித்த பார்வை என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் திரும்பி வருவது தியாகமாக இராது, சலிப்புக்கு மருந்தாகிவிடும். வாசகன் 'இப்படியே இருந்துடேன்டா' என்று நினைக்கிற அளவுக்கு அந்த வாழ்க்கை இனிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் ஊரில் குற்றம் பெருகுகிறது, குற்றக் கும்பல் தலைவன் கிங்பின் முதன்முறையாகத் தலைகாட்டிக் கும்பல்களைச் சேர்க்கிறான். ஆனால் பீட்டரைத் திருப்பியது கிங்பின் இல்லை. போகிற வழியில் ஒரு கட்டடத்து மாடியில் கிழட்டுக் காவலாளியை இரண்டு பேர் அடிப்பதைப் பார்க்கிறான். தெரியாத ஆள். சுவரேறிப் போய்ப் பிரித்துவிடுகிறான், சாதாரணச் சட்டை கால்சட்டையில். உடை ஜேம்சன் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது, ஒரு சிறுவன் கண்டெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. சண்டை முடிந்த பிறகுதான் அந்தக் கிழவர் முகத்தில் பெரியப்பாவின் சாயல் தெரிகிறது.

வரிசையைப் பாருங்கள். கை முதலில் போகிறது, காரணம் பிறகு நினைவுக்கு வருகிறது. வேடம் இல்லை, கைதட்டல் இல்லை, படமெடுத்து விற்கவும் முடியாது. 1962 நடைபாதையே மறுபடி வந்திருக்கிறது, அதே ஒரு நிமிட வேலை. அந்தக் காவலாளி பெரியம்மாவாகவோ காதலியாகவோ இருந்திருந்தால் காட்சி செத்திருக்கும். கதை எழுதப்போகிறவர்கள் சோதித்துக்கொள்ள எளிய வழி: காப்பாற்றப்படுகிற ஆளின் பெயரை நாயகனிடம் கேளுங்கள். தெரியும் என்றால் நீங்கள் எழுதியது குடும்பச் சண்டை.

[திரை: 100ஆம் இதழ், செப்டம்பர் 1971. கூடுதலாக நான்கு கைகளோடு அதிர்ந்து நிற்கும் பீட்டர்.]

மிச்சமிருப்பது ஒரே ஒரு நேர்மையான வழி. உடையைத் தூக்கிப் போட்டாலும் சக்தி உடம்பில் இருக்கிறது, அதனால் குற்றவுணர்வும் இருக்கிறது. சக்தியே போய்விட்டால்? ஒன்றும் செய்ய முடியாதவனைத் 'ஏன் செய்யவில்லை' என்று யாரும் கேட்க முடியாது. காதலி குவென்னோடு சாதாரணமாக வாழ ஆசைப்பட்டு, தானே தயாரித்த கலவையைக் குடிக்கிறான். சக்தி போகவில்லை, விலாவிலிருந்து நான்கு கைகள் முளைக்கின்றன. ஏற்கெனவே இருந்த கைகால்களோடு சேர்த்து எட்டு. கொஞ்சம் அபத்தம்தான், கில் கேன் வரைந்ததால் தப்பித்தது. அந்தக் கதவு திறந்தால் தொடரே முடிந்துவிடும், ஆகவே எழுதுபவர்கள் அதை இப்படி அறைந்து சாத்தினார்கள்.

அடுத்த இரண்டு இதழ்களில் மோர்பியஸ் என்ற ரத்தம் குடிக்கும் வில்லனின் ரத்தத்திலிருந்து எடுத்த நொதியால் கைகள் மறைகின்றன. 103ஆம் இதழில் ஜேம்சன் சாவேஜ் லேண்ட் என்ற கற்பனைக் காட்டுப் பகுதிக்கு ஒரு பயணம் கிளம்புகிறார், படமெடுக்க ஆள் தேவை. பீட்டர் கேமராவை எடுத்துக்கொண்டு கூடவே போகிறான்.