விட்ட பந்துகளின் கணக்கு

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘கிரிக்கெட்டில் வேகப்பந்தை வென்றவர் அடித்து ஆடியவரா, நின்று ஆடியவரா?’ இதுதான் நமக்குத் தரப்பட்ட தலைப்பு. நின்று ஆடியவரே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மேற்கிந்தியத் தீவுகளின் மட்டையாளர் விவியன் ரிச்சர்ட்ஸை முன்னிறுத்தினார். ஹெல்மெட் அணியாமலே வேகப்பந்தைச் சந்தித்தவர், 1986இல் ஆன்டிகுவாவில் இங்கிலாந்துக்கு எதிராக 56 பந்துகளில் சதம் அடித்தவர் என்றார். அவை கை தட்டியது, நானும் தட்டினேன். ரிச்சர்ட்ஸை யாரால் ரசிக்காமல் இருக்க முடியும்? ஆனால் ரசிப்பது வேறு, அளப்பது வேறு. நாம் இங்கே அளக்க வந்திருக்கிறோம்.

எதை வைத்து அளப்பது? ரன்னை மட்டும் வைத்து அளந்தால் பாதிக் கணக்குதான் கையில் இருக்கும். ஆஃப் ஸ்டம்புக்கு நான்கு விரற்கடை வெளியே எழும்பும் பந்தை ஒருவர் தொடாமல் விட்டால், ஸ்கோர் ஏட்டில் ‘ரன் இல்லை’ என்று ஒரு புள்ளி விழுகிறது. அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள்.

மணிக்கு 145 கிலோமீட்டர் வேகம். ஆடுகளத்தின் நீளம் 20.12 மீட்டர். பந்து வீச்சாளரின் கையை விட்டு மட்டையாளரை வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. கண் கண்டதை உடல் செயலாக்கத் தொடங்கவே அதில் ஏறக்குறைய பாதி போய்விடும். மீதியிருக்கும் நொடித்துளியில் அளவு, திசை, காற்றில் வளையும் ஸ்விங், எழும்பும் உயரம் எல்லாம் கணிக்கப்பட்டாக வேண்டும். கணித்தபின், அடிக்கத் துடிக்கும் கையைக் கீழே இறக்க வேண்டும். மணிக்கட்டு தளர்கிறது, கையுறை இடுப்புக்குக் கீழே போகிறது, முகவாய்க்கு அரை முழத்தில் பந்து கடக்கிறது. கண் மட்டும் அதை விடாமல், விக்கெட் கீப்பரின் கையில் விழும் வரை தொடர்கிறது. அஞ்சியவன் கண்ணைத் திருப்பிக்கொள்வான். இவர் திருப்பவில்லை. இதற்குப் பெயர் தற்காப்பு என்று எதிரணி சொல்லிக்கொள்ளட்டும். நான் இதை வெற்றி என்கிறேன்.

சான்று எங்கே என்று கேட்பீர்கள். ஒரே மட்டையாளர், ஒரே நாடு, ஒரே பந்து வீச்சாளர் என்று அமைந்த சான்று ஒன்று இருக்கிறது. 2014இல் இங்கிலாந்து சென்ற விராட் கோலி பத்து இன்னிங்ஸில் எடுத்தது 134 ரன். அந்தத் தொடரில் இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அவரை நான்கு முறை வெளியேற்றினார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே நகரும் பந்தை மட்டை தேடித் தேடிப் போனது, விளிம்பில் பட்டது, கீப்பருக்கும் அவருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நின்றவர்களுக்கும் வேலை வந்தது. 2018இல் அதே கோலி, அதே இங்கிலாந்து, அதே ஆண்டர்சன். அதே பத்து இன்னிங்ஸில் 593 ரன். ஆண்டர்சனால் ஒரு முறைகூட அவரை வெளியேற்ற முடியவில்லை. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் கோலி புதிதாக ஓர் அடியையா கற்றுக்கொண்டு வந்தார்? அவருடைய கவர் டிரைவ் 2014இலும் இருந்தது. உடலுக்கு அருகில் தாமதமாக ஆடுவதும், தனக்கில்லாத பந்தை விட்டுவிடுவதும்தான் புதிதாக வந்தவை. எட்ஜ்பாஸ்டனில் அவர் அடித்த 149 ரன்னை எதிரணி தங்கள் கணக்கில் எழுதப் பார்க்கும். அந்த ரன்களுக்கு முன்னால் அவர் விட்ட பந்துகள் எங்களுடையவை, ஐயா. அவை இல்லாமல் 149 இல்லை.

இந்தியாவின் தொடக்க ஆட்டக்காரர் சுனில் கவாஸ்கருக்கு வருகிறேன். 1983ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியா வந்தது. கான்பூரில் மால்கம் மார்ஷல் வீசிய பந்தில் கவாஸ்கரின் கையிலிருந்து மட்டையே பறந்தது. அடுத்த டெல்லி டெஸ்டில் அவர் 94 பந்துகளில் சதம் அடித்தார். ‘அது எங்கள் ஆட்டம்’ என்று எதிரணி உரிமை கொண்டாடலாம், மறுக்கவில்லை. ஆனால் அதே தொடரின் கல்கத்தா டெஸ்டில், ஆட்டத்தின் முதல் பந்திலேயே மார்ஷல் அவரை வெளியேற்றினார். பிறகு வந்தது சென்னை டெஸ்ட். கவாஸ்கர் நான்காவது ஆட்டக்காரராக இறங்குவதாக ஏற்பாடு. மார்ஷல் இரண்டு பேரைச் சாய்த்தபோது ஸ்கோர் பலகையில் ரன் பூஜ்யம். தொடக்க ஆட்டக்காரராக இறங்காமல் இருந்தும் பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டிய நிலை! அங்கே அவர் ஆட்டமிழக்காமல் 236 எடுத்தார். அது அவருடைய முப்பதாவது சதம். ஆஸ்திரேலியாவின் பிராட்மன் டெஸ்டில் அடித்த 29 சதங்களைத் தாண்டிய ஆட்டம். டெல்லியில் அவர் மார்ஷலுக்குப் பதில் சொன்னார் என்றால், சென்னையில் மார்ஷலுக்குக் கேள்வியே இல்லாமல் செய்துவிட்டார். இரண்டில் எது பெரிது என்பதை நடுவர் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வாவைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கு எழும்பும் பவுன்சரைச் சுழற்றி அடிக்கும் ஹூக் ஆடுவதையே கைவிட்டவர் அவர். 1995இல் கிங்ஸ்டனில் மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர்கள் ஆம்புரோஸும் வால்ஷும் விலாவைக் குறிவைத்து வீச, உடலில் வாங்கிக்கொண்டு 200 ரன் எடுத்தார். பதினைந்து ஆண்டுகளாக எந்தத் தொடரையும் இழக்காத மேற்கிந்தியத் தீவுகள் அணி அந்த டெஸ்டோடு தொடரை இழந்தது.

ரிச்சர்ட்ஸைத் தனியாக விட்டுவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் வேகப்பந்து வீச்சாளர்கள் லில்லியையும் தாம்சனையும் அடித்து ஆடிய மேதை அவர். ஆனால் அவருக்கிருந்த கண்ணும் கையும் இன்னொருவருக்கு வாய்த்ததா? மார்ஷல், ஹோல்டிங், கார்னர் ஆகியோர் அவருடைய அணியிலேயே இருந்ததால் டெஸ்டில் அவர்களை எதிர்கொள்ளும் தேவை அவருக்கு வரவுமில்லை. கவாஸ்கர் அவர்களைத்தான் எதிர்கொண்டார்.

கடைசியாக, எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஆஸ்திரேலியாவின் காபா மைதானத்துக்குப் போனார். 2021 ஜனவரி, ஐந்தாம் நாள், இலக்கு 328, ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89 ரன் என்று உணர்ச்சியோடு சொன்னார். கேட்கும்போது எனக்கும் மெய்சிலிர்த்தது. ஆனால் அவர் ஒரு பெயரை விட்டுவிட்டார்.

அந்த நாளில் சேதேஷ்வர் புஜாரா என்று ஒருவர் நின்றார். ஆஸ்திரேலியாவின் கம்மின்ஸ், ஹேசல்வுட், ஸ்டார்க் மூவரும் மாறி மாறி வீசினார்கள். ஹெல்மெட்டில் பட்டது, தோளில் பட்டது, விலாவில் பட்டது, விரலில் பட்டபோது மட்டையைப் போட்டுவிட்டு வலியில் துடித்தார். பத்து முறைக்குக் குறையாமல் பந்து அவர் உடலில் பட்டது. ஏன் மட்டையை உயர்த்தித் தடுக்கவில்லை? உயர்த்தியிருந்தால் கையுறையில் பட்டு யாராவது ஒருவர் கையில் போய் விழுந்திருக்கும். அதனால் உடலைக் கொடுத்தார், விக்கெட்டைக் கொடுக்கவில்லை. விழுந்த ஒவ்வொரு முறையும் எழுந்து, கிரீஸில் கோடு போட்டுவிட்டு, மறுபடியும் நின்றார். 211 பந்துகளில் 56 ரன். அவர் வெளியேறும்போது இந்தியாவின் ரன் 228, வேண்டியது இன்னும் நூறு. அதன்பிறகு பந்த் அந்த நூறைத் தேடிப் போனார்.

பந்தின் 89 எதிரணியிடமே இருக்கட்டும். அந்த 211 பந்துகளையும் எங்கள் அணியின் கணக்கில் எழுதுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.